கேரியர் வீட்டின் மேல் அடுக்கு

விருத்தாசலத்தில் அப்போதெல்லாம் வீடு வாங்குவது என்றால் மண்ணை வாங்குவது. மண்ணோடு சுவரும் வரும், கூரையும் வரும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நடுவில் ஒரு சுவர் எழுப்புவார்கள். ஆளுக்குப் பாதி வாசல், பாதி தோட்டம். வீட்டைக் கிழக்கு மேற்காக வெட்டலாம், தெற்கு வடக்காக வெட்டலாம். படுக்கைவாட்டில் வெட்டி விற்று நாங்கள் பார்த்ததில்லை.

அதைச் செய்தவர் ஒரு மங்கலம்பேட்டை பாய். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, எள் வியாபாரம். வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய அப்பா கடைவீதிக்குப் பின்னால் சரக்கு போடக் கிட்டங்கி கட்டினார். பிறகு கிட்டங்கி மேல் ஒரு வீடு. பிறகு அந்த வீட்டின் மேல் இன்னொரு வீடு. தேக்கு உத்தரம், செங்கல், சுண்ணாம்பு. ஊரில் கோபுரத்தை விட்டால் அதுதான் உயரம் என்று பேச்சு. தூரத்தில் இருந்து பார்த்தால் டிபன் கேரியர் நிற்கிற மாதிரி இருக்கும். கேரியர் வீடு என்றே பெயர் ஆகிவிட்டது.

பாயின் பிள்ளைகள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவருக்கும் வயதாகிவிட்டது. மொத்தமாக வாங்க ஆள் இல்லை. அடுக்கு அடுக்காக விற்றார். கீழ் அடுக்கைச் சைக்கிள் கடைக்காரர் வாங்கினார். முன்னால் கடை, பின்னால் குடும்பம். நடு அடுக்கை மாதா கோயில் பள்ளிக்கூடத்து டீச்சர் வாங்கினார். மேல் அடுக்கு மிஞ்சியது. எழுபதுகள் தொடங்கிய சமயம் அதை நாங்கள் வாங்கினோம்.

எங்களுக்கு உயரம் வேண்டியிருக்கவில்லை. காய்ந்த தரை வேண்டியிருந்தது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு இளைப்பு. மணிமுத்தாற்றுப் பக்கம் பள்ளத்தில் குடக்கூலிக்கு இருந்தோம். அந்த வீட்டுத் தரைக்கு வேர்க்கும். கோணி போட்டு, அதன்மேல் பாய் போட்டு, அதன்மேல் பழைய சேலை போட்டுப் படுக்க வைப்பேன். காலையில் எல்லாம் சில்லென்று இருக்கும். பிள்ளையின் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஆஸ்பத்திரி டாக்டர் மருந்து கொடுத்தார். "ஈரத்துல படுக்க வெக்காதம்மா" என்றார். மருந்து தீர்ந்தது. ஈரம் தீரவில்லை.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பீங்கான் வேலை. சின்னக் கம்பெனி. அவர் சூளையில் சாமான் அடுக்குவார். நான் பச்சை பார்ப்பேன். பச்சை என்றால் அச்சில் வார்த்துக் காயவைத்த சாமான், இன்னும் சுடாதது. அதில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சூளைக்குள் போனால் பிளந்துவிடும். அதனால் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் எண்ணெய் இழுத்துக்கொண்டு வெளுத்துவிடும். விரிசல் இருந்தால் கறுப்புக் கோடாக நிற்கும். கோடு தெரிந்தால் அங்கேயே உடைத்துத் தொட்டியில் போட வேண்டியது. திரும்பக் களிமண் ஆகிவிடும். நாள் முழுக்க இதுதான் வேலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இந்த வேலை எனக்குச் சரியாக வந்தது.

வீடு வாங்கப்போகிறோம் என்று தெரிந்ததும் கருவேப்பிலங்குறிச்சியில் இருந்து அண்ணன் வந்தார். கையில் ஒரு பூசணிக்காய். அதைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மண்ணு யாருது?"

"மூணு பேருக்கும் பொதுண்ணே."

"பொதுன்னா ஒனக்கு எது? எறங்கி நின்னு காலால கோடு போட்டுக் காட்டு."

"கோடெல்லாம் இல்லண்ணே."

"கோடு இல்லாம ஒரு சொத்தா? வெறுங்காத்த வாங்குறியே தங்கச்சி. நாளைக்கு இடிஞ்சி வுழுந்தா எங்க போயி நிப்ப?"

வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"இடிஞ்சா கீழ தான மச்சான் வுழுவோம். மண்ணு தானா கெடைச்சிடும்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூசணிக்காயைக் கீழே வைத்தார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. மண்ணில்லாத வீடு என்று சாகிற வரைக்கும் சொன்னார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனோம். பாய் சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே சைக்கிள் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு முட்டி வலி. நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். வாங்குகிற பொருளைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம். அவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சுட்ட சாமானை அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது. நான் முந்தானையில் முடிந்திருந்த சீசாவையும் பிரஷ்ஷையும் எடுத்தேன்.

ஜன்னல் ஓரம் ஒரு கை அகலம்தான் முதலில் தடவினேன். கோடு தெரிந்தது. பக்கத்தில் தடவினேன். இன்னும் இரண்டு கோடு. விடமுடியவில்லை. அந்தச் சுவர், இந்தச் சுவர், கதவுக்குப் பின்னால் என்று தடவிக்கொண்டே போனேன். காய்ந்த ஏரி மாதிரி எங்கே பார்த்தாலும் கோடு. சீசா காலியாகிவிட்டது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

"மொத்தமும் ரிஜெக்ட்டு" என்றார்.

அதற்குள் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். முதலில் டீச்சர் வந்தார். கையில் கரண்டி.

"யாரு கிருஷ்ணாயில் ஊத்துறது? என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் இல்லிங்க. பாக்குறோம்."

"கிருஷ்ணாயில் ஊத்தி என்னத்தைப் பாக்குறது? கொளுத்திப் பாப்பீங்களா? மாதாவே, கீழ என் வூடு இருக்குது!"

பின்னாலேயே சைக்கிள் கடைக்காரர் ஒரு வாளி தண்ணீரோடு வந்தார். டியூப் பஞ்சர் பார்க்கிற அழுக்குத் தண்ணீர். ஊற்ற இடம் தேடினார். கடைசியாகப் பாய், முட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்தார்.

சுவரைப் பார்த்தார். என் கையில் பிரஷ்ஷைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பீங்கான் வேலை பார்த்துப் பழகிய ஊர் இல்லையா.

"தங்கச்சி, இது செவுரு. கக்கூசு பீங்கான் இல்ல."

"கோடு கோடா இருக்குது பாய்."

"சுண்ணாம்புப் பூச்சு வெடிக்காம இருக்குமா? எங்க வாப்பா காலத்துச் செவுரு. இந்தா, என் மூஞ்சில தடவு. எத்தனை கோடு வருதுன்னு பாரு. நான் வுழுந்துட்டனா?"

வீட்டுக்காரர் சொன்னார்: "எங்க கம்பெனியா இருந்தா இந்நேரம் ஒடச்சித் தொட்டியில போட்டிருப்போம்."

"அப்ப தொட்டி ஊரு அகலத்துக்கு வேணும்" என்றார் சைக்கிள் கடைக்காரர். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. கரண்டியை என் பக்கம் நீட்டி, "இந்த நாத்தம் போற வரைக்கும் நான் அடுப்பு பத்த வெக்க முடியாது. மத்தியானச் சோறு ஒங்க வூட்டுல தான்" என்றார்.

பாய் கதவில் இருந்த சாவியை எடுத்து ஒரு கோட்டின் மேல் சுரண்டினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே செங்கல் முழுசாக இருந்தது. விரிசல் தோலோடு நின்றிருந்தது. இன்னொரு இடத்திலும் சுரண்டிக் காட்டினார். சரிதான் என்று பட்டது. பச்சைச் சாமானுக்குத் தோல் வேறு சதை வேறு கிடையாது. சுவருக்கு உண்டு.

பிறகு நான் தரையில் உட்கார்ந்தேன். உள்ளங்கையை வைத்தேன். போதவில்லை. குனிந்து கன்னத்தை வைத்தேன். சுடச்சுட, காய்ந்து இருந்தது. எனக்கு அது போதும்.

எழுந்தபோது பாயிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"மொட்டை மாடி யாருக்கு?"

"பொதும்மா. மூணு வூட்டுக்கும் பொது."

சந்தோஷமாக இருந்தது. பொது என்றால் எங்களுக்கும் உண்டு என்று கணக்கு. பொதுக் கிணறு, பொதுக் குழாய் எல்லாம் இருக்கிறதே, அந்த மாதிரி. தலைக்கு மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு பேருமே பார்க்கவில்லை. கம்பெனியில் சாமானைக் கவிழ்த்துப் பார்ப்போம். வீட்டைக் கவிழ்க்க முடியாது.

வைகாசியில் குடி போனோம். எங்களுக்குக் கிருஷ்ணாயில் வூடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். தபால்காரர் கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்த முதல் மாதங்கள் போல் பிறகு வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் சூளைப் புகை, அதற்கும் அந்தப் பக்கம் ரயில். கிணறு கீழே பின்கட்டில். தண்ணீரைப் படியேற்றிச் சுமக்க முடியாது. வீட்டுக்காரர் எங்கள் பின்பக்கக் கைப்பிடிச் சுவரில் இரும்பு உருளை ஒன்றை மாட்டினார். கயிற்றை விட்டால் வாளி நேராகக் கிணற்றுக்குள் இறங்கும். இழுத்தால் நேராக மேலே வரும். வழியில் டீச்சர் ஜன்னல். வாளி ஆடும்போது ஜன்னலுக்குள் தண்ணீர் தெறிக்கும். அவர் உள்ளே இருந்து குரல் கொடுப்பார்.

"எங்க வூட்டுக்கு மட்டும் தெனம் மழை பெய்யுதும்மா. எவ்ளோ கொடுப்பினை!"

அடுத்த வாளியைக் கொஞ்சம் மெதுவாக இழுப்பேன்.

புழுக்கம் உள்ள நாளில் எல்லாரும் மொட்டை மாடியில்தான் படுப்போம். மேற்கே சைக்கிள் கடைக்காரர் குடும்பம். கிழக்கே டீச்சர். அவர் வீட்டுக்காரர் ரயில்வேயில், பாதி நாள் வெளியூர். இரண்டு பையன்களும் கடலூரில் போர்டிங்கில் படித்தார்கள். படிக்கட்டு ஓரம் நாங்கள். யாரும் கோடு போடவில்லை. அவரவர் பாய் போகிற இடம் தெரியும். சைக்கிள் கடைக்காரர் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். பாதிப் பேச்சில் தூங்கிவிடுவார். மீதியை அவர் மனைவி சொல்லி முடிப்பார். பாப்பா நிம்மதியாகத் தூங்கினாள். நெஞ்சில் சத்தம் இல்லை. நான் கை வைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்த இரண்டாம் நாள் பாப்பா படுக்கிற மூலையில் சொட்டியது. பாயை நகர்த்தினேன். அங்கேயும் சொட்டியது. உத்தரத்தோடு தண்ணீர் ஓடி, இஷ்டப்பட்ட இடத்தில் இறங்கியது. கம்பெனியில் கிளேஸ் பூச்சு சரியில்லாத வாஷ்பேசின் ஒன்றைச் சல்லிசாகக் கொடுத்திருந்தார்கள். வைக்க இடம் இல்லாமல் கிடந்தது. அதை நடுவீட்டில் வைத்தோம். டொக் டொக்கென்று அதில் விழுந்தது. அடியில் ஓட்டைக்குத் துணி அடைத்தோம். மேல்சுவர் எல்லாம் ஊறிப்போய்ப் பச்சை பிடித்தது. சித்திரையில் அடித்த வெள்ளை உரிந்து, அதற்கடியில் பழைய கறை வட்டம் வட்டமாகத் தெரிந்தது. பாய் மறைத்தார் என்று சொல்லமாட்டேன். வீடு விற்பவர் வெள்ளை அடிப்பது உள்ளதுதான். நிமிர்ந்து பார்க்க வேண்டியது வாங்குபவர் வேலை.

கீழே இருந்து வந்த ஈரம் இப்போது மேலே இருந்து வந்தது. பிள்ளைக்குப் பூனைக்குட்டிச் சத்தம் திரும்பிவிட்டது.

இப்போது யாராவது பழைய கட்டடத்தில் ஒரு அடுக்கு வாங்கப் போவதாகச் சொன்னால் நான் சொல்வது கொஞ்சம்தான். மழையில் போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடு. தலைக்கு மேல் யாருடையது என்று கேளுங்கள். பொது என்றால், ஒழுகினால் யார் போடுவார்கள் என்று அடுத்த கேள்வியும் கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிட்டு வாங்குங்கள். சுவரைவிட அவர்களோடுதான் அதிகம் இருக்கப் போகிறீர்கள். மாடி யாருக்கு என்று கேட்டதைத் தவிர நாங்கள் இதில் ஒன்றும் செய்யவில்லை.

வீட்டுக்காரர் முதலில் சைக்கிள் கடைக்குப் போனார். நானும் போனேன். கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மாடி ஒழுவுது. எல்லாரும் சேந்து போட்டுடலாம்."

"எனக்கு மேல ரெண்டு வூடு இருக்குது தம்பி. எனக்கு எதுக்குக் கூரை? எனக்கு மழைன்னா வாசப்படி வழியா வரும். அதுக்கு நீங்க வருவீங்களா?"

"மாடி பொது தானண்ணே."

"பொது தான். யாரு இல்லன்னது? ஒழுவுறதும் பொதுவா இருந்தா நானே மொதல்ல வந்திருப்பேன்."

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் மேலே வந்தோம். டீச்சரிடம் நான் தனியாகப் போனேன்.

"ஒங்க தலை மேல தானம்மா ஒழுவுது. என் தலை மேல நீங்க இருக்கீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

பாயைத் தேடி மங்கலம்பேட்டைக்கே போய்வந்தார் வீட்டுக்காரர். பாய் டீ வாங்கிக் கொடுத்தாராம். "வித்த பொருளுக்கு நான் கொடை புடிக்க முடியுமா தம்பி" என்றாராம்.

சரி, நாமே போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தோம். மழை விட்டிருந்த ஒரு நாள் வீட்டுக்காரர் சுண்ணாம்பு குழைத்து, மாடிக்கு எடுத்துப் போய் வெடிப்பில் அடைக்க உட்கார்ந்தார். டீச்சர் பார்த்துவிட்டார். ஏறி வந்துவிட்டார்.

"எறங்குங்க."

"ஓட்டையை அடைக்கிறேன் டீச்சர். ஒங்க கிட்ட ஒண்ணும் கேக்கலியே."

"அதான் எறங்குங்கன்றேன். இன்னைக்கு நீங்க போடுவீங்க. நாளைக்கு நான் போட்ட மாடின்னு சொல்லுவீங்க. அப்பறம் நான் ஒரு துணி காய வெக்க ஒங்களைக் கேக்கணும்."

"நான் அப்படிச் சொல்லுவனா?"

"எங்க சித்தப்பாவும் சொல்ல மாட்டாருன்னு தான் எங்க அப்பா நெனைச்சாரு. பொதுக் கெணறு. ஆழம் போதலன்னு சித்தப்பா தன் கைக்காசு போட்டு வெட்டுனாரு. நல்ல மனசுன்னாங்க. ரெண்டு வருசத்துல அது அவரு கெணறு. எங்க அம்மா கொடத்தைத் தூக்கிக்கிட்டு ஊரு சுத்துனாங்க."

வீட்டுக்காரர் பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டு இறங்கினார். அவருக்குக் கோபம் வந்தால் பேச்சே இருக்காது. சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னார்.

"வித்துட்டுப் போயிடலாம்."

"யாருக்கு விப்பீங்க?"

"சித்திரையில விப்பேன். நம்மள மாதிரி எவனாவது வருவான்."

பேசின் நிரம்பியிருந்தது. கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தேன்.

பாப்பா டீச்சருடைய பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். சாயங்காலம் வந்தால் ஒரே மூச்சில் மேலே ஏற முடியாது. நடு அடுக்கில் டீச்சர் வீட்டு வாசப்படியில் உட்கார்ந்துவிடுவாள். மழைக்காலத்தில் அதிக நேரம் உட்கார்ந்தாள். டீச்சர் சுக்குத் தண்ணீர் கொடுப்பார். ஒரு நாள் நான் வேலை விட்டு வந்தபோது பிள்ளை வாசப்படியில் இல்லை. டீச்சர் வீட்டுக்குள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். போர்டிங்குக்குப் போன பையனுடைய கட்டில்.

"இங்கயே படுக்கட்டும்மா" என்றார் டீச்சர். "எங்க தளம் ஒங்க தரை. இங்க சொட்டாது."

மாடியில் கை வைக்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். எனக்கு வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தேன். கூச்சத்தை விட்டுவிட்டேன்.

"சரிங்க டீச்சர்" என்றேன்.

அந்த மழைக்காலம் முழுக்க பாப்பா நடு அடுக்கில்தான் படுத்தாள். நாங்கள் மேலே, பேசினோடு. ஒரு வாரம் போயிருக்கும். விடிந்து தண்ணீர் இழுக்க வந்தேன். வாளி டீச்சர் ஜன்னலுக்கு நேராக வந்தபோது அவர் கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். கீழே இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏம்மா, புள்ளைக்கு இப்படித்தான் தெனமும் மூச்சு இழுக்குமா?"

"இப்ப கொறவு டீச்சர்."

"இதுவே கொறவா?"

கயிற்றை விட்டுவிட்டார். வாளியில் தண்ணீர் பாதி கொட்டிவிட்டது.

தை பிறந்தது. பொங்கல் முடிந்து ஒரு நாள் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிருஷ்ணாயில் நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் உள்ளே வந்தார். நின்று அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு மூலையாகப் போய்ப் பார்த்தார். பேசினைப் பார்த்தார்.

"மாடிய போட்டுருவோம்" என்றார்.

வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"ஆனா ஒண்ணு. கொத்தனாரு ஒருத்தரு போதும். தளத்தைக் கட்டையால அடிச்சி எறுக்கக் கூலியாளு வேணாம். மூணு வூட்டாளும் கை வெச்சிப் போடணும். ஒரு வூட்டுக் கை இல்லாத நாள்ல ஒரு கட்டை கூட அடிக்கக் கூடாது. அப்பதான் அது பொது."

"கீழ்வூட்டு அண்ணன் வர மாட்டாரு டீச்சர்."

"அதை நான் பாத்துக்கறேன்."

அவர் கடைக்கு இறங்கிப் போனார். நாங்கள் படிக்கட்டில் நின்று கேட்டோம்.

"எனக்கு எதுக்கு டீச்சர் கூரை? எனக்கு மேல ரெண்டு..."

"ரெண்டு வூடு இருக்குது. தெரியும். இருங்க. சித்திரையில மட்டும் பாயைச் சுருட்டிக்கிட்டு மேல வந்துராதீங்க. கடையிலயே, டியூபுக்கு நடுவுல படுங்க. கொசுவுக்கும் பொழுது போவும்."

கடைக்காரர் மனைவி உள்ளே இருந்து, "டீச்சர், எத்தனை கட்டை வேணும்? எங்க அண்ணன் வூட்டுல ரெண்டு இருக்குது" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

மாசியில் பழைய தளத்தைக் கொத்தி எடுத்தோம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் அடிக்க வேண்டும். விடக்கூடாது. தளம் இறுகி, கட்டை எகிறுகிற வரைக்கும் அடிக்க வேண்டும். நாங்கள் வேலைக்குப் போவதற்கு முன்னால் காலையில் அடிப்போம். வந்து சாயங்காலம் அடிப்போம். டீச்சர் ஸ்கூல் விட்டு வந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடிப்பார். சைக்கிள் கடைக்காரர் ஒரு கட்டைக்கு ஒரு கதை சொல்வார். மூன்று வீட்டுக் கட்டையும் ஒரே தாளத்தில் விழ ஆரம்பித்த பிறகு அவர் கதையை நிறுத்திவிட்டார். அந்தச் சத்தம் கடைவீதி வரைக்கும் கேட்கும். எனக்கு இன்னும் கேட்கிறது.

நடுவில் சைக்கிள் கடைக் குடும்பம் ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. டீச்சர் கட்டையைத் தொடவிடவில்லை. தளம் காய்ந்துவிடும் என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். கோணியை நனைத்துப் போட்டு, வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றிக் காத்தோம். அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறார்கள். டீச்சர் புதுத்துணி கூட மாற்றவிடவில்லை.

"ஏறுங்க, ஏறுங்க. ஒங்க கைக்காகத்தான் மாடி காத்துக் கெடக்குது."

"கல்யாணச் சோறு இன்னும் செரிக்கல டீச்சர்."

"இங்க செரிக்கும்."

மேலே பதிக்கத் தட்டை ஓடு வாங்கவில்லை. எங்கள் கம்பெனிக்குப் பின்னால் உடைசல் மலையாகக் கிடக்கும். முதலாளியிடம் கேட்டதற்கு அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். மாட்டு வண்டியில் கொண்டுவந்தோம். வெள்ளை வெள்ளையாகப் பீங்கான் துண்டு. அதைச் சுண்ணாம்பில் நெருக்கமாகப் பதித்தோம். கப்புக் காது, ஜாடி மூடி, பேசின் விளிம்பு எல்லாம் அதில் இருந்தது. வளைந்த துண்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்த சைக்கிள் கடைக்காரருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"கடைசியில எங்களைக் கக்கூசு மேல படுக்க வெக்கிறீங்களே தம்பி."

"கழுவித்தான் கொண்டாந்தோம்ணே" என்றார் வீட்டுக்காரர். "புதுசு. யாரும் ஒக்காரல."

டீச்சர் கூட அன்றைக்குச் சிரித்தார்.

அந்தக் கோடையில் மாடி நிலா வெளிச்சத்தில் பால் கொட்டின மாதிரி இருந்தது. வெயிலை உள்ளே விடாமல் வீடும் குளிர்ந்திருந்தது. அவரவர் பாய் அவரவர் இடத்துக்குப் போயிற்று. பாப்பா மட்டும் எங்கள் பாயில் கொஞ்ச நேரம், டீச்சர் பாயில் கொஞ்ச நேரம்.

அடுத்த ஐப்பசி. மழை பிடித்தது. வீட்டுக்காரர் பேசினைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தார். ஒரு நாள் பார்த்தோம். இரண்டு நாள் பார்த்தோம். அதில் ஒரு சொட்டு விழவில்லை. சுவர் காய்ந்தே இருந்தது. அவர் பேசினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, பாப்பா மூலையில் பாயை விரித்தார். அவரே தலையணைக்கு உறை மாட்டினார்.

பாப்பா வந்தாள். அந்தத் தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"எங்க போற?"

"டீச்சர் வூட்டுக்கு. மழை பெய்யுது இல்ல?"

"இங்க ஒழுவலடி. பாரு. தரையைத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். "ஆமாம்" என்றாள். போய்விட்டாள்.

வீட்டுக்காரர் விரித்த பாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருக்காக வாங்குனது?" என்றார்.

நாளைக்கு வந்துவிடுவாள் என்றேன். மறுநாளும் வரவில்லை. மழைக்காலம் என்றால் நடு அடுக்கு என்று பிள்ளை நினைத்துவிட்டது. கூப்பிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நாள் விடியற்காலையில் நானே இறங்கிப் போனேன். மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது. டீச்சர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுப்பில் காப்பித் தண்ணீர். என்னைப் பார்த்ததும் டீச்சர் வாயில் விரலை வைத்தார்.

"தூங்குது" என்றார். "ஏழு மணிக்கு நானே கெளப்பி அனுப்பறேன். விடுங்கம்மா."

கட்டில் ஓரம் போய் நின்றேன். குனிந்து காதை வைத்தேன். மூச்சு வந்தது, போனது. வேறு சத்தம் எதுவும் இல்லை. போர்வையை இழுத்துவிட்டேன். எழுப்பவில்லை.

"போயிட்டு வரேன் டீச்சர்" என்றேன். மேலே வந்து உலை வைத்தேன்.